பல வருடம் நின்றுபோன பாரதக் கூத்து திரும்ப வருகிறது. கர்ணன் சாகிற கதையான கர்ண மோட்சம் ஆடும் இரவுக்கு லீவு போட்டுவிட்டு ஊருக்கு வரலாமா?

லீவு போடுங்கள். முடிந்தால் மறுநாளுக்கும் சேர்த்துப் போடுங்கள். காலையில் பஸ் பிடித்து நேராக வேலைக்குப் போய்விடலாம் என்று வந்தால் நடுராத்திரியிலிருந்தே மணி பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். அதற்கு வராமலே இருக்கலாம்.

பாலக்கோடு பக்கம் உங்கள் ஊர் என்றும், பெரியவர்கள் எல்லாரும் கர்ண மோட்சம் பற்றியே பேசுகிறார்கள் என்றும், பெங்களூரிலிருந்து வந்து விடிய விடிய உட்கார அதில் என்ன இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஊரில் கூத்து நின்றபோது உங்களுக்கு விவரம் தெரியாத வயசாக இருந்திருக்கும். அதற்கப்புறம் பார்த்ததெல்லாம் போனில் வரும் இரண்டு நிமிடத் துண்டுகள்தான். அதில் யாரோ கிரீடம் கட்டிக்கொண்டு சுற்றுவார், ஆர்மோனியம் கத்தும், அவ்வளவுதான் தெரியும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கர்ணன் சாகப்போகிறான் என்பது பார்க்க வருகிற எல்லாருக்கும் தெரியும். பதினேழாம் நாள் போர், அருச்சுனன் அம்பு, கண்ணன் கிழப் பிராமணனாக வந்து அதுவரை செய்த புண்ணியத்தையெல்லாம் தானமாகக் கேட்பது, கர்ணன் தண்ணீருக்குப் பதில் தன் ரத்தத்தையே வார்த்துக் கொடுப்பது எல்லாம் வில்லிபாரதத்திலேயே இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்து ஜனங்கள் காத்திருப்பது அதற்கு முன்னால் வருகிற பொன்னுருவிக்காக. வியாசரின் பாரதத்தில் அந்தப் பெயரே கிடையாது. அவள் கர்ணனின் மனைவி, ராஜா வீட்டுப் பெண். தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று புருஷனைத் தள்ளியே வைத்திருக்கிறவள். போருக்குப் போகுமுன் விடைபெற வருகிற கர்ணனை அப்போதும் அந்த வார்த்தையால்தான் அடிக்கிறாள். இவன் ஒரு விருத்தம் (தாளமில்லாமல் இழுத்துப் பாடுகிற பாட்டு), அவள் ஒரு விருத்தம் என்று போகும். கடைசியில்தான் தான் யார் பிள்ளை என்று சொல்கிறான். குந்தி வந்து போன கதையைச் சொல்கிறான். அவள் அவன் காலில் விழும்போது அவனுக்குக் கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிடுகிறது. போர்க்களம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர். எங்கள் ஊரிலும் திருவிழா வரி வசூலில் வந்த தகராறால் பாரதம் நின்றுபோய், நான் வேலைக்குப் போன பிறகுதான் திரும்பத் தொடங்கியது. அந்த வருடம் விழாக் கமிட்டியில் பாதிப் பேர், நாடகம் பழசு, அந்தக் காசுக்கு ஆர்கெஸ்ட்ரா வைத்தால் கூட்டம் வரும் என்று நின்றார்கள். கிழவிகள் விடவில்லை. தீமிதி வேண்டும் என்றால் பாரதம் வேண்டும், பாரதம் என்றால் கர்ண மோட்சம் வேண்டும் என்று கோயில் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

அன்றைக்கு இரவு கர்ணன் திரை கட்டி வரவே பதினொன்றரை ஆகிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு போலீஸ் வந்து ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. 2000-ஆம் வருட ஒலி மாசு விதிப்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கு என்று அரசு தளர்த்தினாலும் நடுராத்திரி வரைதான். கூட்டம் கலைந்துவிடும் என்று நான் பயந்தேன். நடந்தது வேறு. மைக் போனதும் ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்து வந்தார்கள். பொன்னுருவி வேஷம் கட்டியவருக்கு ஐம்பதுக்கு மேல் வயசிருக்கும், பகலில் தையல் கடை. மைக் இல்லாமல் அவர் முகாரியில் எடுத்த விருத்தம் தேர் நிலை வரைக்கும் கேட்டது. அந்தக் குரலை ஒலிபெருக்கியில் கேட்டிருந்தால் எனக்குப் பாதிகூடக் கிடைத்திருக்காது.

என் சித்தப்பா லாரி ஓட்டினவர். சித்தி வீட்டில் நிலம் நீச்சு உண்டு, மாந்தோப்பு உண்டு. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவருக்குப் பெயர் கிடையாது, "டிரைவர் வந்திருக்காரு" என்பார்கள். பந்தியில்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். அன்று "தேரோட்டி மகன்" என்று பொன்னுருவி திரும்பத் திரும்பப் பாடும்போது நான் அவரைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. உண்மை தெரிந்து அவள் அழுகிற இடத்தில் அவர் எழுந்து போய் அன்பளிப்பாக நூறு ரூபாய் நோட்டு ஒன்றை வேஷத்தில் குத்திவிட்டு வந்தார். கர்ணனுக்கு இல்லை, பொன்னுருவிக்கு. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன், மேடையில் சொல்வதற்காக அவர் பெயர் கேட்டபோது, சொல்ல வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார். ஏன் அவளுக்குக் கொடுத்தார் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. சித்தி, பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அதே இடத்தில்தான் வேறொருவர் கொடுத்த பணத்துக்காக ஆர்மோனியத்தையே நிறுத்தி, கொடுத்தவர், அவர் அப்பா, அவர் கட்சிப் பதவி எல்லாவற்றையும் கத்திச் சொல்ல வைத்தார்கள். அன்பளிப்பை நான் எதிர்க்கவில்லை. கமிட்டி பேசுகிற தொகையைக் கூத்துச் செட்டில் (குழுவில்) இருக்கிற எல்லாருக்கும் பிரித்தால் கையில் எவ்வளவு நிற்கும் என்று எனக்குத் தெரியும். கொடுங்கள், நிறையக் கொடுங்கள். பாட்டு முடிந்த பிறகு கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இதைப் படித்துவிட்டு, பெண் வேஷத்தை ஆண் கட்டுவது பிற்போக்கு என்று சிலர் எழுதுவார்கள். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் இருந்த கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் படித்து வேஷம் கட்டியிருக்கிறார்கள். அது எங்கள் பக்கமும் வந்தால் முதல் வரிசையில் நான் இருப்பேன். அதற்காக அந்தத் தையல்காரரின் பாட்டு குறைந்துபோய்விடாது.

பிள்ளைகள் என்றதும் ஒரு ஆத்திரம் வருகிறது. என் அக்கா மகள் அந்த இரவு கேட்ட பொன்னுருவி பாட்டைத் தாத்தாவிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். நன்றாகப் பாடுவாள். பள்ளி ஆண்டு விழாவில் பாடுகிறேன் என்று போய் நின்ற பிள்ளையிடம், "இதெல்லாம் கோயில் திருவிழாவுல பாடுறது, சினிமா பாட்டு ஏதாவது தெரிஞ்சா சொல்லு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த மேடையில் எட்டு சினிமா டான்ஸ் ஆடின. நாட்டுப்புறக் கலை அழிகிறது என்று கட்டுரைப் போட்டி வைப்பதும் அதே பள்ளிதான். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் எங்காவது சொல்லியாக வேண்டும்.

சரி, நீங்கள் வருவதைப் பற்றி. சாயந்திரம் கொஞ்சம் தூங்கிவிட்டு வாருங்கள். போர்வை எடுத்துக்கொள்ளுங்கள், சித்திரையானாலும் மூன்று மணிக்கு மேல் குளிரும். நாற்காலி போட்டிருந்தாலும் அதில் உட்காராமல் மிருதங்கக்காரர் பக்கமாகப் பாயில் உட்காருங்கள், நடுராத்திரிக்கு மேல் மைக் இருக்காது. முதல் ஒரு மணி நேரம் வசனம் பிடிபடாது. பக்கத்தில் இருக்கிற பாட்டியிடம் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார். பொன்னுருவி முடிந்ததும் பாதிப் பேர் டீக்கடைக்கு எழுந்து போவார்கள், அவர்களோடு போகாதீர்கள். கண்ணன் தானம் கேட்டு வருவதற்குள் திரும்பி வர முடியாது. கிழக்கு வெளுக்கிறபோதுதான் கர்ணன் விழுவான்.

பதினெட்டாம் நாள் போர்க் கூத்துக்கும், மறுநாள் காலை துரியோதனன் விழுகிற படுகளத்துக்கும் இருக்க முடிந்தால் இருங்கள். முடியாவிட்டாலும் பரவாயில்லை, கர்ண மோட்சத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நோட்டீஸ் அடித்துவிட்டார்களா? எந்தச் செட் வருகிறது, எந்தத் தேதி என்று கீழே போடுங்கள். பாலக்கோடு எங்களுக்குத் தூரமில்லை, சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.