கேமரா வைக்கச் சின்னத் தோள்பை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கேமரா தோள்பை என்பது ஒரு பக்கத் தோளில் மாட்டிக்கொள்கிற, உள்ளே மெத்தைத் தடுப்புகள் உள்ள பை. ஒரு கேமரா, ஒன்றிரண்டு லென்ஸ், உதிரி பேட்டரி, அவ்வளவுதான் அதற்குள் போக வேண்டும். முதுகுப்பை எடையை இரண்டு தோளுக்கும் பிரித்துக் கொடுக்கும், இதிலோ மொத்தமும் ஒரே தோளில் இறங்குகிறது, அதனால்தான் சின்னதாக வாங்கச் சொல்கிறேன், இடம் இருந்தால் நாமே எதையாவது போட்டு நிரப்பிவிடுவோம். 700 கிராம் கேமராவும் 800 கிராம் லென்ஸும் சேர்ந்தாலே 1.5 கிலோ, பையின் எடை தனி.

தண்ணீர் வாளியை உடம்போடு ஒட்டித் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும் இல்லையா? ஒல்லியான பை இடுப்போடு ஒட்டி நிற்கும்; உப்பிய பை வெளியே தள்ளி நின்று, அதே எடைக்கே தோளைக் கூடுதலாக இழுக்கும். பட்டை அகலமாக இருக்கட்டும்.

பையின் கொள்ளளவாகச் சொல்லப்படும் லிட்டர் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். லென்ஸ் மாட்டிய நிலையில் கேமராவை அளந்து, பையின் உள் அளவோடு ஒப்பிடுங்கள், வெளி அளவோடு அல்ல.

அப்புறம், மெத்தை தடிமனாக இருந்தாலே பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள்; உள்ளே லென்ஸ் ஆடிக்கொண்டிருந்தால் அந்தத் தடிமனால் பெரிய பயன் இல்லை, தடுப்புகளை நகர்த்தி அதை அசையாமல் பொருத்திவைக்க வேண்டும்.