ஈசிஜி நார்மல், ஆனால் நெஞ்சு படபடக்கிறதே!

கேள்வி: எனக்கு வயது 36. சில மாதங்களாகவே அடிக்கடி நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வரும், ராத்திரி படுத்ததும் வரும். சில நேரம் ஒரு துடிப்பு விட்டுப்போய் அடுத்தது 'தொம்'மென்று இடிப்பது போலிருக்கும். இரண்டு முறை ஈசிஜி எடுத்தாகிவிட்டது, இரண்டுமே நார்மல். "டென்ஷன்தான், அதையே நினைக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நினைக்காமல் எப்படி இருப்பது டாக்டர்?

பதில்: முதலில் அந்த ஈசிஜியைப் பற்றிப் பேசிவிடலாம். சாதாரண ஈசிஜி பதிவு செய்வது சுமார் 10 விநாடிதான். உங்கள் முறை வந்து, படுத்து, நெஞ்சில் ஒயரெல்லாம் மாட்டி முடிப்பதற்குள் படபடப்பு அடங்கிப் போயிருக்கும். ஆக 'நார்மல்' என்றால் எடுத்த நேரத்தில் நன்றாக இருந்தது, பழைய பாதிப்பின் அடையாளம் எதுவும் அதில் தெரியவில்லை, அவ்வளவுதான். டென்ஷனாலும் படபடப்பு வரும், நான் மறுக்கவில்லை. ஆனால் அது மற்றதையெல்லாம் பார்த்த பிறகு வர வேண்டிய முடிவு.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, நெஞ்சு எப்படி அடித்ததோ அப்படியே மேஜையில் விரலால் தட்டிக் காட்டுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. 'டக் டக், டக்... (இடைவெளி) தொம்' என்று தட்டினால் அது பெரும்பாலும் எக்டோபிக் எனப்படும் அவசரத் துடிப்பு. ஒரு துடிப்பு முன்கூட்டியே வந்துவிடுகிறது, இதயம் அதற்குள் சரியாக நிரம்பியிருக்காது என்பதால் அது நமக்குத் தெரிவதில்லை. அதற்கடுத்த இடைவெளியில் கூடுதலாக ரத்தம் நிரம்பி, பின்னால் வரும் துடிப்பு ஓங்கி அடிக்கிறது. நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு பகுதி அச்சு அசலாக இதுதான். இதயம் நன்றாக உள்ளவர்களுக்கு இது பெரும்பாலும் ஆபத்தில்லை, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் துடிப்பு இன்னும் தெளிவாகத் தெரியத்தான் செய்யும்.

சுவிட்ச் போட்டதுபோல் திடீரென்று தொடங்கி, நிமிடத்துக்கு 150, 180 என்று ஒரே சீராக ஓடி, திடீரென்று நின்றால் அது எஸ்.வி.டி.யாக (இதயத்தின் மேல் பகுதியிலிருந்து கிளம்பும் அதிவேகத் துடிப்பு) இருக்கலாம். கழுத்தில் துடிப்பது, முடிந்ததும் சிறுநீர் நிறையப் போவது எல்லாம் அதற்குத் துணைத் தடயம். தாளமே இல்லாமல் கன்னாபின்னாவென்று அடித்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனா (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது) என்று பார்த்தே ஆக வேண்டும், அதில் பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடுதல். மெல்ல ஏறி மெல்ல இறங்கினால் பெரும்பாலும் இதயம் வேறு எதற்கோ பதில் சொல்கிறது: ரத்தசோகை, தைராய்டு அதிகமாகச் சுரப்பது, காய்ச்சல், உடலில் நீர் குறைவது, பயம்.

அதனால் ஹீமோகுளோபின், தைராய்டைப் பார்க்கும் டிஎஸ்ஹெச், பொட்டாசியம் மூன்றும் பார்த்துவிடுங்கள். மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம் என்றால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள், பலர் அதை இதயத்தோடு சேர்த்து நினைப்பதே இல்லை. போடுகிற மாத்திரைகளையும் பையோடு எடுத்துப் போங்கள். மூக்கடைப்பு மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், அளவு கூடிப்போன தைராய்டு மாத்திரை எல்லாமே படபடப்பைக் கிளப்பும். காபி, எனர்ஜி டிரிங்க், சிகரெட், மது இவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், வரும்போதே பிடிப்பது. தினமும் வருகிறது என்றால் 24 அல்லது 48 மணி நேரம் உடலில் மாட்டிக்கொண்டே ஈசிஜி பதிவு செய்யும் ஹோல்டர் கருவி போதும். வாரத்துக்கு ஒருமுறை வருகிறவருக்கு அதைப் போட்டால் மறுபடியும் 'நார்மல்' என்றுதான் வரும், வீண். அவர்களுக்கு ஒன்றிரண்டு வாரம் மார்பில் ஒட்டியிருக்கும் பேட்ச் போன்ற கருவி கேட்கலாம். இதயத்தின் அமைப்பைப் பார்க்க எக்கோ ஸ்கேனும் எடுப்பார்கள்.

படபடப்பு வரும் நேரத்தில் உட்கார்ந்து, மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணி, நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் எஸ்.வி.டி. என்று உறுதி செய்தவர்களுக்கு ஒரு உத்தி உண்டு: சாய்ந்து உட்கார்ந்து 15 விநாடி மூச்சை அடக்கி முக்கி, உடனே மல்லாந்து படுத்து, யாரையாவது கால்களை 15 விநாடி தூக்கிப் பிடிக்கச் சொல்வது. 2015-இல் வெளியான ஆய்வில் இப்படிச் செய்தவர்களில் 43 சதவீதம் பேருக்கு அப்போதே தாளம் சரியானது, படுக்காமல், காலைத் தூக்காமல் முக்க மட்டும் செய்யும் பழைய முறையில் 17 சதவீதம்தான். முதலில் மருத்துவரிடம் ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள்.

மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தாலோ, ஓடும்போதோ படியேறும்போதோ தலை சுற்றிப் படபடத்தாலோ குறிப்பெல்லாம் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கேள்வி: என் ஸ்மார்ட்வாட்ச் சில சமயம் 140 காட்டுகிறது. நம்பலாமா?

பதில்: எண்ணை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். பட்டை தளர்வாக இருந்தாலோ கையை ஆட்டிக்கொண்டிருந்தாலோ தப்பாகக் காட்டும். ஈசிஜி எடுக்கும் வாட்ச் என்றால் கதையே வேறு, படபடக்கும்போதே 30 விநாடி பதிவு செய்து சேமித்து மருத்துவரிடம் காட்டுங்கள், உபயோகமான சான்று. 'சந்தேகம் இல்லை' என்று வாட்ச் சொன்னாலும் காட்டுங்கள், அது எல்லாத் தாளக் கோளாறையும் கண்டுபிடிக்காது. ஆனால் ஐந்து நிமிடத்துக்கொரு முறை பார்த்துக்கொண்டே இருந்தால் பார்க்கிற பதற்றத்திலேயே எண் ஏறும், அந்த மாதிரி ஆள் என்றால் ராத்திரி கழற்றி வைத்துவிடுங்கள்.