ரெட் பேர்ட் ரெக்கார்ட்ஸ் ஏன் இரண்டே வருடத்தில் முடிந்தது?
1964-இல் தொடங்கி ஹிட்டுக்குப் பஞ்சமே இல்லாமல் ஓடிய இந்த இசைத்தட்டு கம்பெனி 1966-லேயே கைமாறியதற்குப் பாட்டு காரணமில்லை, கூட்டாளிதான். பாடலாசிரியர்கள் லீபரும் ஸ்டோலரும் ஜார்ஜ் கோல்ட்னரோடு நியூயார்க்கில் ஆரம்பித்தது இது. முதல் வெளியீடே, டிக்ஸி கப்ஸ் என்ற பெண்கள் பாட்டுக் குழுவின் 'சேப்பல் ஆஃப் லவ்', பீட்டில்ஸை இறக்கிவிட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதே வருடக் கடைசியில் ஷாங்ரி-லாஸ் பெண்கள் குழுவின் 'லீடர் ஆஃப் தி பேக்', மோட்டார் சைக்கிள் உறுமலோடு, இன்னொரு முதலிடம். எனக்குப் பிடித்தது டிக்ஸி கப்ஸின் 'ஐகோ ஐகோ': ஸ்டூடியோவில் சாம்பல் கிண்ணத்தைக் குச்சியால் தட்டிச் சும்மா பாடிக்கொண்டிருந்தபோது டேப் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சரி, கோல்ட்னருக்கு எந்தப் பாட்டு ஓடும் என்று கேட்டதுமே தெரிந்துவிடும், ஆனால் சூதாட்டக் கடன் கழுத்து வரை; அதன் வழியாக ரவுடிக் கும்பல் கம்பெனிக்குள் தலைநீட்டவும், மற்ற இருவரும் தங்கள் பங்கை ஒரே ஒரு டாலருக்கு அவரிடமே விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.