சைக்கிள் கேள்வி – பதில்: கத்தும் டிஸ்க் பிரேக்

கேள்வி: மகன் ஓட்டும் மவுண்டன் பைக்கை வாட்டர் சர்வீஸுக்கு விட்டு எடுத்தோம். அன்றிலிருந்து முன் பிரேக்கைப் பிடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துகிறது. பிரேக்கும் சரியாகப் பிடிப்பதில்லை. கொஞ்சம் ஆயில் விட்டால் சத்தம் போய்விடும் என்கிறார்கள். விடலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: விடவே கூடாது. பல இடங்களில் கழுவி முடித்ததும் பளபளப்புக்காக டீசலோ ஆயிலோ ஸ்பிரே அடிப்பார்கள். அது டிஸ்க்கில், அதாவது சக்கரத்தின் நடுவில் சுழலும் உலோகத் தட்டில் பட்டிருக்க வேண்டும். டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் கட்டைதான் பேட். எண்ணெய் ஏறிய பேட், டிஸ்க்கைச் சீராகப் பற்றாமல் பற்றியும் வழுக்கியும் அதிர்கிறது. அந்த அதிர்வுதான் உங்களுக்குக் கேட்கும் சத்தம். பிடிமானம் குறைந்ததும் அதனால்தான். சரிசெய்யும்வரை மகனை அழகர்மலை, சிறுமலை இறக்கங்களுக்கு அனுப்பாதீர்கள்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். 90 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும். கை கழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் கலந்திருக்கும். பெட்ரோல், மண்ணெண்ணெய் இரண்டும் பிசுக்கை விட்டுவைக்கும். சக்கரத்தைக் கழற்றி, ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான வெள்ளைத் துணியால் டிஸ்க்கின் இருபுறமும் துடையுங்கள். துணியில் கறுப்பு ஏறுவது நிற்கும்வரை புதுப் புதுப் பக்கமாக மடித்துத் துடைக்க வேண்டும். அதன்பின் டிஸ்க்கில் விரல் படக்கூடாது. கைப் பிசுக்கே போதும், மறுபடி கத்தும். ஹைட்ராலிக் (கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்கும்) பிரேக் என்றால், சக்கரம் வெளியே இருக்கும்போது லிவரை அழுத்திவிடாதீர்கள். பேட்டைத் தள்ளும் பிஸ்டன் வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

அடுத்து பேட். உராயும் பகுதி 0.5 மி.மீ.க்கு வந்திருந்தால் மாற்றியே ஆகவேண்டும். தடிமன் இருந்து, முகம் மட்டும் கண்ணாடிபோல் மினுங்கினால், தரை ஓட்டின் மேல் 120 நம்பர் உப்புத்தாளை விரித்து, பேட்டைச் சமமாக அழுத்தித் தேயுங்கள். மினுமினுப்பு போய் மங்கிய சாம்பல் நிறம் வந்தால் போதும். அந்தத் தூசியை மூச்சில் இழுக்காதீர்கள், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். எண்ணெய் உள்ளே ஊறிக் கறுத்த பேட்டை மட்டும் காப்பாற்றப் பார்க்காதீர்கள். அடுப்பில் காட்டி எரிப்பவர்கள் உண்டு. தகட்டிலிருந்து பேட் பெயர்ந்து வந்தால் ஆபத்து. புது ஜோடி போடுங்கள், ஆனால் டிஸ்க்கைத் துடைத்த பிறகே. அழுக்கு டிஸ்க்கில் போட்டால் புதுசும் கெடும்.

மாட்டும்போது டிஸ்க்கின் ஆறு போல்ட்டையும் டி-25 (நட்சத்திர முனை) சாவியால் பாருங்கள், பேட்டைத் தாங்கும் காலிப்பரின் போல்ட் இரண்டையும் பாருங்கள். எது லூசாக இருந்தாலும் சத்தம் வரும்.

கடைசி வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆளில்லாத சமதள ரோட்டில் மணிக்கு 20 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, சக்கரம் லாக் ஆகாமல், இருபது தடவையாவது பிரேக் பிடித்துப் பிடித்து விடவேண்டும். முதல் சில தடவை பிரேக் சரியாக நிற்காது, கவனம். பேட்டின் பொருள் டிஸ்க்கில் மெல்லிய படலமாகப் படிந்த பிறகே முழுப் பிடிமானம் வரும்.

இவ்வளவுக்கும் பிறகு சில நாளில் மறுபடி எண்ணெய் ஏறினால், காலிப்பர் கசிகிறது. மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பிரேக் பிடிக்காமல் ஓட்டும்போதே ‘சர்… சர்’ என்று உரசுகிறது. கேபிள் டிஸ்க் பிரேக்.
– வாசகி, நத்தம்

பதில்: சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள். சத்தம் விடாமல் வந்தால் காலிப்பர் நேராக இல்லை. சுற்றுக்கு ஒருமுறை மட்டும் வந்தால் டிஸ்க் வளைந்திருக்கிறது. விலை குறைந்த கேபிள் பிரேக்குகள் பெரும்பாலானவற்றில் ஒரு பேட்தான் நகரும். அது டிஸ்க்கை லேசாக வளைத்து, மறுபக்கம் நிலையாக இருக்கும் பேட்டில் அழுத்தும். ஆகவே நிலையான பேட்டை, உரசாத அளவுக்கு டிஸ்க்கை ஒட்டி வையுங்கள். அதற்கான திருகு சக்கரத்தின் பக்கம் இருக்கும். வளைந்த டிஸ்க்கை, எண்ணெய் படாத ஸ்பேனரால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தலாம். இறக்கம் இறங்கிய சூட்டில் தொடாதீர்கள். டிஸ்க் பெரும்பாலும் 1.8 மி.மீ. தடிமனில் வரும், 1.5-க்குத் தேய்ந்திருந்தால் நிமிர்த்தாமல் மாற்றிவிடுங்கள்.