நிலக்கரி இருப்பு: வெட்டாமலே குறைவது எப்படி?

கேள்வி: நிலக்கரிச் சுரங்க நிறுவனம் ஒன்றின் ஆண்டறிக்கையில், வெட்டியெடுத்த அளவைவிடப் பல மடங்கு அதிகமாக இருப்பு குறைந்திருப்பதைப் பார்த்தேன். மண்ணுக்குள் இருந்த நிலக்கரி எங்கே போனது?

பதில்: நிலக்கரி எங்கும் போகவில்லை, மாறியது கணக்குதான். பூமிக்குள் கிடப்பது முழுவதும் ‘வளம்’. இன்றைய விலையிலும் தொழில்நுட்பத்திலும் உரிமம் பெற்று இலாபத்துடன் எடுக்கக்கூடிய பகுதி மட்டுமே ‘இருப்பு’.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள ஜில்லெட் நிலக்கரிப் படுகையை 2008-இல் மதிப்பிட்ட அந்நாட்டுப் புவியியல் ஆய்வகம், அங்கு தொடக்கத்தில் இருந்த வளம் 20,100 கோடி டன் என்றும், வெட்டியெடுக்கத்தக்கது 7,700 கோடி டன் என்றும், டன்னுக்கு 10.47 டாலர் என்ற அப்போதைய விலையில் கட்டுப்படியாகக்கூடியது சுமார் 1,010 கோடி டன் மட்டுமே என்றும் கணித்தது. அங்கே நிலக்கரி அடுக்கு மேற்கு நோக்கிச் சரிந்து செல்வதால், சுரங்கம் மேற்கே நகர நகர, ஒரு டன் நிலக்கரிக்காக அகற்ற வேண்டிய மேல்மண் கூடிக்கொண்டே போகிறது. டீசல் செலவும் உடன் ஏறுகிறது. ஆகவே, விலை சரிந்தால் இருப்பு ஒரே ஆண்டில் சுருங்கிவிடும். விலை உயர்ந்தாலோ, அரசிடமிருந்து புதிய குத்தகை கிடைத்தாலோ, துளையிட்டுப் பார்த்ததில் புதிய பகுதி உறுதியானாலோ மீண்டும் பெருகும்.

‘இத்தனை ஆண்டுகளுக்குப் போதும்’ என்று இருப்பை ஆண்டு உற்பத்தியால் வகுத்துச் சொல்வதை நான் பெரிதாக நம்புவதில்லை. அடுத்த அறிக்கையில், என்ன விலையை வைத்துக் கணக்கிட்டார்கள் என்ற அடிக்குறிப்பை முதலில் படியுங்கள்.