ஸ்டுட்கார்ட் வரும் தம்பிக்கு: முதலில் தபால்பெட்டியில் உங்கள் பெயர்

தம்பி, இதே ஜெர்மனியில் செம்னிட்ஸில் மாஸ்டர்ஸ் படிப்பதாகவும் ஏப்ரலில் ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்கு ஸ்டுட்கார்ட் வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கொடுக்கிற சம்பளம் போதுமா, எந்த ஜாக்கெட் வாங்கலாம், நம்ம ஊர் மளிகை கிடைக்குமா, சனி ஞாயிறு பொழுது எப்படிப் போகும் என்று நான்கு கேள்விகள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "ஒரு அண்ணா ரூம் தருகிறார், வாடகை 300 யூரோதான், அன்மெல்டுங் (முகவரிப் பதிவு) மட்டும் முடியாதாம், செம்னிட்ஸ் ரூமைக் காலி செய்துவிட்டு இதை எடுத்துக்கொள்ளலாமா அக்கா?"

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எடுக்காதீர்கள்.

2017 அக்டோபரில் நானும் அதே செம்னிட்ஸிலிருந்து, அதே மாதிரி ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்கு, இரவு பஸ்ஸில் இரண்டு பெட்டியோடு இங்கே வந்து இறங்கினேன். ரூம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் கிடைத்தது. ஃபாயர்பாகில், 280 யூரோ. நம்ம பக்கத்து ஆள், தமிழில் பேசினார், மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார். 840 யூரோவை வருவதற்கு முன்பே அனுப்பிவிட்டேன். வந்து பார்த்தால் இரண்டு அறையில் ஐந்து பேர். வீட்டின் சொந்தக்காரருக்கு அதில் நான்கு பேர் இருப்பதே தெரியாது. "பேர் மட்டும் பதிய முடியாதும்மா, ஆறு மாசம்தானே" என்றார். தெருவாசலில் மணி பொத்தான்கள் வரிசையாக இருக்கும், உள்ளே தபால்பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஒன்றிலும் என் பெயர் இல்லை.

இந்த நாட்டில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டைத் தருபவர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும். 2015 நவம்பரிலிருந்து அது கட்டாயம். உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு. ஜெர்மனியில் வேறு இடத்தில் ஏற்கெனவே பதிந்திருந்து, ஆறு மாதத்துக்கு மேற்படாமல் இன்னோர் இடத்தில் தங்கினால் இங்கே பதிய வேண்டியதில்லை. ஆனால் அது உங்கள் செம்னிட்ஸ் ரூம் உங்கள் பெயரிலேயே இருந்தால்தான். நீங்களோ காலி செய்யப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். காலி செய்துவிட்டு இங்கேயும் பதியாமல் இருந்தால் நீங்கள் எங்கேயும் இல்லாத ஆள்.

நான் அப்படித்தான் ஆனேன். அரசாங்கக் கணக்கில் இன்னும் செம்னிட்ஸ் விடுதியில் இருந்தேன். அங்கே தபால்பெட்டியில் என் பெயரைக் கிழித்துவிட்டு வேறொரு பெண்ணின் பெயரை ஒட்டியாயிற்று. இங்கே தபால்காரர் கதவைத் தட்டி யார் எவர் என்று விசாரிக்க மாட்டார். பெட்டியில் பெயர் இருந்தால் போடுவார், இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிப் போகும். வங்கியின் புது அட்டை திரும்பிப் போனது. இன்ஷூரன்ஸ் கடிதம் போனது. விசா நீட்டிப்புக்கு வரச்சொல்லி அனுப்பிய கடிதமும் போனது. எனக்கு அது தெரியவந்தபோது விசா முடிய மூன்று வாரம்தான் பாக்கி. விசா அலுவலகத்தில், முதலில் இந்த ஊரில் பதிந்துவிட்டு வாருங்கள், அப்புறம்தான் உங்கள் கோப்பை எடுக்க முடியும் என்று சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரிதான்.

உங்கள் "அண்ணா" நல்லவராகவே இருக்கலாம். நம்ம ஆள் என்கிற ஒரே காரணத்துக்காக மட்டும் பணம் அனுப்பாதீர்கள். முன்பணம் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக்கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. ரூமைப் பார்க்காமல், சாவி கைக்கு வராமல் ஒரு சென்ட் கூட அனுப்ப வேண்டாம். உள்வாடகை என்றால் வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதத்தை எழுத்தில் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் ரூம் எடுக்கவே கூடாது. என் 840 யூரோவில் 300தான் திரும்பி வந்தது. இத்தனை வருடத்தில் என்னிடம் இதே கதையோடு வந்த பிள்ளைகளை எண்ணி முடியாது. ஏமாற்றியது வெள்ளைக்காரன் என்று ஒரு பிள்ளை கூடச் சொல்லவில்லை. எனக்கு ஆறாத வருத்தம் அது. தானும் இப்படிப் பெட்டியோடு வந்து இறங்கியவன்தானே, அடுத்து வருகிற பிள்ளையிடம் எப்படி மனசு வருகிறது?

அந்த டிசம்பரில் என்னைக் காப்பாற்றியது ஒரு இலங்கைத் தமிழ்க் கடை. மளிகை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள், அதற்கும் இதுவே பதில்: எல்லாம் கிடைக்கும், பெரும்பாலும் ஈழத்தமிழர் கடைகளில். பொன்னி அரிசி, முருங்கைக்காய், கறிவேப்பிலை வரை உண்டு. ரவைக்கு அலைய வேண்டாம், எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் க்ரீஸ் என்ற பெயரில் மலிவாக இருக்கும். நான் புளியும் மிளகாய்த்தூளும் எடுத்துக்கொண்டு காசு கொடுக்க நின்றபோது அழுதுவிட்டேன். கடைக்கார அண்ணை வரிசையில் நின்றவர்களைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, "ஏன் பிள்ளை, என்ன நடந்தது?" என்று கேட்டார். சொன்னேன். "கையெழுத்து வைக்காத வீட்டில ஒரு நாளும் இருக்காதேங்கோ" என்றார். அவர் 80களில் அகதியாக வந்தவர். விண்ணப்பம் முடிவாகும் வரை மாவட்ட எல்லையைத் தாண்டவே அனுமதிக் கடிதம் வேண்டும் என்றிருந்த காலம். ஓட்டல் சமையற்கட்டில் வருடக்கணக்காகப் பாத்திரம் கழுவிவிட்டுக் கடை வைத்தவர். ஒரு தாளின் மதிப்பு அவருக்குத் தெரிந்த அளவு எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நம்மவர்களில் சிலர் அந்தக் கடைகளில் சாமான் மட்டும் வாங்கிக்கொண்டு, அவர்களோடு இரண்டு வார்த்தை பேசாமல் வருகிறார்கள். நீங்கள் அப்படி இருக்காதீர்கள்.

அந்த அண்ணையின் வாடிக்கைக்காரர் ஒருவர் மூலமாக ஹெஸ்லாகில் ஒரு பாட்டி வீட்டு மாடி அறை கிடைத்தது. 430 யூரோ. 280க்கு இருந்தவளுக்கு அது மலை. பாட்டி முதல் நாளே என் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, தபால்பெட்டியில் இருந்த சின்னக் கண்ணாடிச் சட்டத்துக்குள் செருகினார். அப்பா பெயரின் முதலெழுத்தோடு சேர்த்து. சரியாக இருக்கிறதா என்று என்னையே படிக்கச் சொன்னார். மறுநாள் பதிவு அலுவலகத்தில் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

இரண்டாவது வாரம் கதவைத் திறந்தால் கைப்பிடியில் கயிறு கட்டிய ஒரு மரப்பலகை தொங்கியது. அதில் ஒரே வார்த்தை: கேர்வோகே. பெருக்கும் வாரம். இந்த ஊர்ப்பக்கம் மட்டும் உள்ள வழக்கம் இது, 15ஆம் நூற்றாண்டிலிருந்து வருகிறது என்பார்கள். மாநகராட்சி விதியாக இருந்ததை 1988இல் எடுத்துவிட்டார்கள், ஆனால் வாடகை ஒப்பந்தங்களில் இன்னும் இருக்கிறது. பலகை யார் வீட்டுக் கதவில் தொங்குகிறதோ அவர்கள் அந்த வாரம் மாடிப்படியைப் பெருக்கித் துடைக்க வேண்டும். பெரிய கேர்வோகே என்றால் வாசல், நடைபாதை, பனி விழுந்தால் அதுவும் சேரும். சனிக்கிழமை முடித்துவிட்டுப் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டலாம்.

நம் பிள்ளைகள் பலர் இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள். இன்ஜினியரிங் படித்துவிட்டுப் படி துடைப்பதா என்று வேறு ஊரில் ரூம் தேடியவர்களைத் தெரியும். எனக்கோ அந்தப் பலகையைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு மாதம் ஒளிந்து ஒளிந்து படி ஏறியவள் நான். காலடிச் சத்தம் கேட்டால் மாடித் திருப்பத்தில் நின்று, ஆள் போன பிறகு இறங்குவேன். இப்போது இந்தப் படியைத் துடைப்பது என் முறை என்று ஒரு பலகை சொல்கிறது.

கும்பகோணத்தில் எங்கள் ஆத்தா விடியற்காலையில் வாசல் பெருக்கிச் சாணி தெளிப்பதைப் பார்த்து வளர்ந்தவள். குனிந்து விளக்குமாற்றை ஒரே வீச்சாக இழுத்து, மூலையில் சேர்ந்த மண்ணை நுனியால் கிளறி எடுத்தேன். பாட்டி கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடிக் கம்பியின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டில் வெண்ணெய் பிரெட்செல் வந்தது, முடிச்சுப் போட்ட மாதிரி சுட்ட ரொட்டி.

சனி ஞாயிறு பற்றிக் கேட்டீர்களே, அந்த வெண்ணெய் பிரெட்செலிலிருந்தே தொடங்குகிறேன். இந்த ஊர் பிரெட்செலுக்குக் கை மெலிசாக, மொறுமொறுவென்று இருக்கும். அடிவயிறு தடித்து, வெள்ளையாக வெடித்திருக்கும். அந்த வெடிப்பில் கத்தியை விட்டு, சில்லென்ற வெண்ணெயை விரல் தடிமனுக்கு வைத்துத் தருவார்கள். முதலில் கைகளை ஒடித்துத் தின்ன வேண்டும், வயிற்றைக் கடைசியில். ஞாயிறு கடைகள் அடைத்திருக்கும், ஆனால் பேக்கரி காலையில் சில மணி நேரம் திறந்திருக்கும். அதை வாங்கிக்கொண்டு மரியன்பிளாட்ஸ் போங்கள். அங்கிருந்து டேகர்லோக் மேட்டுக்கு ஒரு பல்சக்கர ரயில் ஏறுகிறது. 1884இலிருந்து ஓடுகிறது, ஊர்க்காரர்கள் செல்லமாக ட்ஸாக்க என்பார்கள். முன்னால் சைக்கிள் ஏற்ற ஒரு திறந்த வண்டி இருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கிண்ணம் மாதிரி ஊர் முழுக்கக் கீழே விரிந்துகொண்டே வரும். நாடு முழுக்க உள்ளூர் பஸ், ரயிலில் செல்லும் மாதம் 63 யூரோ டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தால் தனியாகக் காசு வேண்டாம். இறங்கும்போது ரயில் வேண்டாம், படிகளில் நடந்து வாருங்கள். இந்த ஊரில் 400க்கு மேல் படிக்கட்டுப் பாதைகள் உண்டு, ஷ்டெஃபலே என்பார்கள். முன்னொரு காலத்தில் திராட்சைத் தோட்டங்களுக்கு ஏறிய படிகள்.

பாட்கன்ஷ்டாட் பகுதிக்குப் போனால் காலி பாட்டில் எடுத்துப் போங்கள். பொதுக் குழாய்களில் கனிம நீர் சும்மா கொட்டுகிறது, இரும்பு வாசனையோடு, குமிழி குமிழியாக. கனிம நீரில் ஐரோப்பாவில் புடாபெஸ்ட்டுக்கு அடுத்தது இந்த ஊர்தான் என்பது இவர்கள் பெருமை. கடையில் வாங்குகிற பிளாஸ்டிக் பாட்டில்களை எறியாதீர்கள், பெரும்பாலானவற்றுக்கு ஒன்றுக்கு 25 சென்ட் திருப்பித் தருவார்கள். மாசக் கடைசியில் நான் ஒரு பை பாட்டிலைக் கொண்டுபோய் மெஷினில் போட்டு, வந்த சீட்டுக்குப் பாலும் தயிரும் வாங்கியிருக்கிறேன். மழை நாளில் மத்திய நூலகம். 2011இல் திறந்த வெளிர் சாம்பல் கட்டடம், உள்ளே முழு வெள்ளை. புத்தகங்களுக்கு மட்டும்தான் நிறம். ஹீட்டருக்குச் செலவு செய்யாமல் ஜெர்மன் படித்தது அங்கேதான்.

சம்பளம் போதுமா என்றால், போதும். மாணவர் மாதிரி இருந்தால் போதும். ஒவ்வொரு யூரோவையும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கிற பழக்கத்தைச் செம்னிட்ஸிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நான் இருந்த ஃபாயர்பாக் வீட்டில் ஒருவர் பிரெட்செலைக் கூட ரூபாயில் சொல்லுவார். ஆறு மாதமும் அவர் ஆபீஸ், அறை, போன் என்றே இருந்தார். ரயிலில் ஏறியதில்லை, படியில் நடந்ததில்லை. மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று கேட்டால் பெரிய தொகை ஒன்றும் இல்லை.

ஆபீஸில் மதியம் பதினொன்றரைக்கே சாப்பிடக் கிளம்பிவிடுவார்கள். எதிரில் வருகிறவர் "மால்ட்ஸைட்" (சாப்பாட்டு நேர வணக்கம்) என்றால் நீங்களும் அதையே திருப்பிச் சொல்லுங்கள், வேறு பதில் வேண்டாம். கூடவே போங்கள். டப்பாவை எடுத்துக்கொண்டு தனி மேஜைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஆறு மாதத்தில் யாருடைய பெயரும் தெரிவதில்லை. அப்புறம் ஒன்று, இங்கே பிறந்தநாள்காரர்தான் கேக் கொண்டுவர வேண்டும். எனக்கு அது ஜனவரியில் வந்தது. பாட்டி அடுப்பில், க்ரீஸ் ரவையில் கேசரி கிண்டிக் கொண்டுபோனேன். பத்து மணிக்குள் தட்டு காலி. என் குழுத் தலைவர் அடுத்த வருடம் வரை அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார், அங்கேயே எனக்கு வேலையும் ஆனது.

பாட்டி 2022இல் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நான் இப்போது வைஹிங்கன் பக்கம் இருக்கிறேன், கல்யாணம் ஆகி, குழந்தையோடு. வீட்டைக் காலி செய்த அன்று அந்தப் பலகையை எனக்குத் தரலாமா என்று பாட்டியிடம் கேட்டேன். அது இந்த வீட்டுடையது, அடுத்து வருகிறவருக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டார். தபால்பெட்டியில் இருந்த என் பெயர்க் காகிதத்தை மட்டும் சட்டத்திலிருந்து நெம்பி எடுத்துக் கொடுத்தார். அது என் பாஸ்போர்ட் உறைக்குள் இருக்கிறது.

ஜாக்கெட் கேட்டீர்கள். செம்னிட்ஸ் குளிரைத் தாங்கியதே போதும், இங்கே அதைவிடக் குளிர் குறைவு. ஷூ மட்டும் நல்லதாக வாங்குங்கள், படிகள் நிறைய.