சப்லைம் என்றால் மிக அழகானதா?

அன்புள்ள ஐயா,

18ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பயணக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளை அதில் 'சப்லைம்' என்கிறார்கள். அகராதியில் 'உன்னதமான' என்று இருக்கிறது. கிரிக்கெட் வர்ணனையில் ஒரு நல்ல கவர் டிரைவுக்கும் இதே சொல்தான் வருகிறது. இரண்டும் ஒன்றா? 'மிக அழகான' என்று போட்டுவிடலாமா?

கா.

அன்புள்ள கா.,

'மிக அழகான' வேண்டவே வேண்டாம். உங்கள் கட்டுரை எழுதப்பட்ட நூற்றாண்டில் அழகுக்கு எதிர்வரிசையில் நிறுத்தப்பட்ட சொல் அது.

லத்தீன் வேருக்கு 'உயர்ந்த' என்றுதான் பொருள். கற்பூரம் உருகாமல் நேரே ஆவியாகிப் போவதைக் குறிக்கும் 'சப்லிமேஷன்' என்ற வேதியியல் சொல்லும் அங்கிருந்து வந்ததே. முதலில் பேச்சு, எழுத்து நடையின் உயர்வைச் சொல்ல இலக்கியக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் மலைக்கும் கடலுக்கும் போனது. 1688இல் ஆல்ப்ஸைக் கடந்த ஆங்கில விமர்சகர் ஜான் டென்னிஸ், பாதாளத்தின் விளிம்பில் நடந்தபோது உண்டானதை இன்பமான திகில், பயங்கரமான மகிழ்ச்சி என்று எழுதினார்.

இந்தத் திகிலைத்தான் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க், சப்லைமையும் அழகையும் பற்றி 1757இல் வெளியிட்ட நூலில் மையத்தில் வைத்தார். சிறியது, வழவழப்பானது, மென்மையானது அழகு. பிரம்மாண்டம், இருள், பேரொலி, எல்லை தெரியாமை சப்லைம். அவர் தரும் ஓர் உதாரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்த சமவெளி கடலளவு பரந்திருந்தாலும் கடலைப் போல மனத்தை நிறைப்பதில்லை. ஏனென்றால் கடலிடம் நமக்குப் பயம் இருக்கிறது. ஆனால் அந்த ஆபத்து நம்மைத் தொட்டுவிடக் கூடாது. மூழ்கிக்கொண்டிருப்பவனுக்குக் கடல் சப்லைம் இல்லை, கரையில் நிற்பவனுக்குத்தான்.

ஆங்கில ஓவியர் டர்னர் 1812இல் காட்சிக்கு வைத்த ஓவியத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். யானைகளோடு ரோமின் மீது படையெடுத்த பழங்காலத் தளபதி ஹானிபலின் படை ஆல்ப்ஸைக் கடக்கிறது. ஆனால் ஓவியத்தின் பெரும்பகுதியைக் கரும்புயலே விழுங்கியிருக்கிறது. சூரியன் மங்கிக் கிடக்க, புகழ்பெற்ற அந்த யானை தொலைவில் ஒரு பொட்டுப் போலத் தெரிகிறது. படைத்தலைவனைத் தேடினாலும் சரியாகக் கிடைக்க மாட்டான். மனிதன் இவ்வளவு சிறுத்துப் போகும் இடம்தான் இந்தச் சொல்லின் வீடு.

கவர் டிரைவுக்கு வரும் 'சப்லைம்' அந்தப் பயம் உதிர்ந்துபோன பிற்காலப் பொருள். அது தவறில்லை, அங்கே 'அற்புதமான' போதும். 'சப்லைம் இக்னரன்ஸ்' என்று வந்தால் மட்டும் கவனமாக இருங்கள். உன்னதமான அறியாமை இல்லை அது, துளியும் தெரியாத முழு அறியாமை.

சரி, உங்கள் பள்ளத்தாக்குக்கு வருவோம். 'உன்னதமான' உயரத்தைச் சொல்கிறது, நடுக்கத்தைச் சொல்லவில்லை. உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதை, அதாவது மெய்ப்பாடுகளைப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், மருட்கையையும் (வியப்பு) அச்சத்தையும் தனித்தனியாக வைக்கிறது. மருட்கை பிறக்கும் நான்கு காரணங்களில் பெருமையும், அதாவது பெரிதாக இருப்பதும், ஒன்று. அந்த இரண்டு மெய்ப்பாடுகளும் சேரும் இடத்துக்கு நம் பேச்சிலேயே ஒரு சொல் இருக்கிறது: மலைப்பு. பெரிய வேலையைப் பார்த்தாலும் மலைக்கிறோம், பெரிய கோபுரத்தைப் பார்த்தாலும் மலைத்து நிற்கிறோம். 'மலைக்க வைக்கும் பள்ளத்தாக்குகள்' என்று எழுதுங்கள். பயம் தூக்கலாக இருக்கும் வாக்கியங்களில் 'திகிலும் வியப்புமாக' என்று விரித்துக்கொள்ளலாம். எல்லா இடத்திலும் ஒரே தமிழ்ச்சொல்லைப் போட்டாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.